வேலையா, விளையாட்டா?



மண்டைக்காட்டு மாசிக் கொடை நெருங்கும் நாள்களில் நமக்கு வரும் கடிதங்களில் பாதி கொடையைப் பற்றியே இருக்கும். பஸ் போதாது, குடிநீர் போதாது, கடலில் இறங்குகிறவர்களைத் தடுக்க ஆள் போதாது என்று எழுதுவீர்கள். இந்த மாதக் கட்டில் ஒரு கடிதம் மட்டும் வேறு. புதூர்க் கடப்புறத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகனுக்கு வயது 19. பெங்களூரில் ஒரு கால்பந்து கிளப்பின் தேர்வுக்குப் போய்வந்திருக்கிறான், எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். “இந்தியா முழுக்க நடக்கிற லீக்காம், ஆனா ரெண்டாம் டிவிஷனாம். அப்பன் கூட வள்ளத்துக்குப் போனா என்ன கிட்டும்னு எனக்குத் தெரியும். இது வேலையா, விளையாட்டான்னு எனக்குத் தெரியல்ல. வெவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க” என்று கேட்டிருக்கிறார்.

அக்கா, உங்கள் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிட முடியாது. அந்த இரண்டாம் டிவிஷன் எங்கிருந்து வந்தது, யாரை மேலே ஏற்றியது, யாரைக் கைவிட்டது என்று தெரிந்தால்தான் பையனை அனுப்புவதா வேண்டாமா என்று உங்களால் முடிவெடுக்க முடியும். அதனால் இந்த மாதம் ஆசிரியர் பக்கம் முழுவதும் உங்களுக்கு.

இந்தியாவில் தேசிய கால்பந்து லீக் தொடங்கியது 1996-இல். அதற்கு முன்பு கல்கத்தாவுக்கு ஒரு லீக், கோவாவுக்கு ஒரு லீக், சென்னைக்கு ஒரு லீக் என்று அங்கங்கே நடந்துகொண்டிருந்தது. நாடு முழுக்க ஓடியவை டூராண்ட், ரோவர்ஸ், சந்தோஷ் டிராபி போன்ற கோப்பைப் போட்டிகள்தாம். புதிய லீக்கின் முதல் கோப்பையைப் பஞ்சாபின் ஜே.சி.டி. மில் அணி கொண்டுபோனது. அடுத்த சீசனிலேயே, 1997-98-இல், அதற்குக் கீழே இரண்டாம் டிவிஷன் வந்தது. மேலே கடைசியாக வருகிறவர்கள் இறங்க வேண்டும், கீழே முதலாக வருகிறவர்கள் ஏற வேண்டும் என்பது ஏற்பாடு.

இது இங்கிலாந்தில் பிறந்த வழக்கம். அங்கே 1892-இல் இரண்டாம் டிவிஷன் வந்தபோது, ஏறுவதையும் இறங்குவதையும் முடிவு செய்யத் தனியாகச் சோதனை ஆட்டங்கள் வைத்தார்கள். 1898-இல் ஸ்டோக், பர்ன்லி என்ற இரு அணிகளுக்கும் சமன் செய்தாலே போதும் என்ற நிலை வந்தது. கோலை நோக்கி ஒருவரும் உதைக்கவில்லை. ஆட்டம் 0-0. அதோடு அந்தச் சோதனை ஆட்டங்களையே ஒழித்துவிட்டு, புள்ளிப் பட்டியலில் எங்கே நிற்கிறாயோ அதன்படி ஏறு, இறங்கு என்று விதியை மாற்றினார்கள். விதியில் ஓட்டை தெரிந்தது, உடனே அடைத்தார்கள். நம் நாட்டு இரண்டாம் டிவிஷன் கதையைப் படிக்கும்போது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது இந்த வேகம்தான்.

நம்முடைய பழைய தேசிய லீக்கில் ஏறி இறங்கிய அணிகளின் பெயர்களைப் பாருங்கள். இந்தியன் வங்கி, ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., ஏர் இந்தியா, எல்லைப் பாதுகாப்புப் படை. பாதிக்குப் பாதி அலுவலக அணிகள். சென்னையின் இந்தியன் வங்கி அணியில் ஆடிய சபீர் பாஷாவின் பெயரை இந்தப் பக்கத்து மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பந்து நன்றாக ஆடுகிற பையனுக்கு அர்த்தம் ஒன்றுதான்: வேலை. வங்கியில், ரயில்வேயில், துறைமுகத்தில், போலீஸில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம். மாதம் பிறந்தால் சம்பளம், முட்டி போனாலும் மேசை இருக்கும், கடைசியில் பென்ஷன். நம் கடப்புறத்தில் பந்து வேரூன்றியதற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று கேரள எல்லை வரைக்கும் நீளும் ஊர்களில் கால்பந்து சாயங்காலப் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. கடலுக்குப் போகாமல் பிழைக்க ஒரு வழி இருக்கிறது என்று தாய்மார் நம்பிய வழி அது. உங்கள் கேள்வியில் இருக்கிற ‘வேலையா’ என்ற சொல் அந்தக் காலத்திலிருந்து வருகிறது.

2007-இல் தேசிய லீக்கை ஐ-லீக் என்று மாற்றினார்கள். முதல் சாம்பியன் கோவாவின் டெம்போ. 2008-இல் ஐ-லீக் இரண்டாம் டிவிஷன் நடந்து, மும்பை எஃப்.சி. முதலாக வந்தது. பிறகு ஓ.என்.ஜி.சி., எச்.ஏ.எல். போன்ற கம்பெனி அணிகளும் ஏறின. ஆனால் காற்று திசை மாறிக்கொண்டிருந்தது. சொந்த இளையோர் அணி வேண்டும், மைதானம் வேண்டும், கிளப் தனி நிறுவனமாகப் பதிவாகியிருக்க வேண்டும், கணக்கு வழக்கு காட்ட வேண்டும் என்று ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு உரிம விதிகளைக் கொண்டுவந்தது. 2013-இல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் அந்த விதிகளுக்கு உட்பட முடியாமல் ஐ-லீக்கிலிருந்து விலக்கப்பட்டன. விதி நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊரும் ரசிகரும் இல்லாத அணியால் லீக் வளராது. ஆனாலும் அதோடு ஓர் ஆட்டக்காரனின் முதுமைக்கு இருந்த காப்பும் போனது. அந்த இடத்தில் வேறெதையும் யாரும் வைக்கவில்லை.

அலுவலகங்கள் விட்ட இடத்தில் ஊர்கள் வந்தன. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மிசோரம் தலைநகரின் ஐசால் எஃப்.சி. 2015-இல் இரண்டாம் டிவிஷனில் முதலாக வந்து மேலே ஏறியது. முதல் சீசனிலேயே தடுமாறி இறங்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் கோவா கிளப்புகள், லீக்கின் எதிர்காலத் திட்டம் பிடிக்காமல், ஐ-லீக்கை விட்டு விலகின. காலியான இடத்தில் ஐசாலைத் திரும்பச் சேர்த்தார்கள். காலித் ஜமீல் பயிற்சியாளராக வந்தார். 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி ஷில்லாங்கில் 1-1 என்று சமன் செய்து, அந்த அணி இந்தியாவின் சாம்பியன் ஆனது. இரண்டே வருடம். இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி 2014-இல் இரண்டாம் நிலையிலிருந்து ஏறி 2016-இல் கோப்பை வாங்கியதை உலகமே கொண்டாடியது. அதற்கு ஒரு குறைவும் இல்லாத காரியத்தை நம் நாட்டின் கோடியில் இருக்கிற ஒரு மலையூர் செய்தது. நம் பத்திரிகைகளில் எத்தனை பேர் அதை முதல் பக்கத்தில் போட்டோம்?

அடுத்தது நெரோக்கா. இம்பாலில் 1965-இல் தொடங்கிய பேட்டை கிளப். 2017-இல் இரண்டாம் டிவிஷனை வென்று ஏறியவர்கள், அடுத்த சீசனிலேயே ஐ-லீக்கில் இரண்டாம் இடம் பிடித்தார்கள். 2019-இல் அதே இம்பாலிலிருந்து டிராவ் ஏறியது. 1954-இல் தொடங்கிய அதுவும் ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் கூடி நடத்திய கிளப்தான், திட்டிம் சாலை என்ற பெயர் அதன் பெயரிலேயே இருக்கிறது. பெரிய முதலாளி யாரும் இல்லாமல் தெருவும் பேட்டையும் நடத்திய கிளப்புகள் தேசிய லீக் வரை போக முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனால் 2023-இல் மணிப்பூரில் கலவரம் மூண்டபின் இரண்டு அணிகளும் சொந்த ஊரில் ஆட முடியாமல் வெளிமாநிலத்தில் ஆடின. அந்த சீசன் முடிவில் இரண்டுமே கீழே இறங்கின. தன் மண்ணில் ஆட முடியாத அணி தாங்காது.

மூன்றாவது ரியல் காஷ்மீர். 2014-இல் ஸ்ரீநகரை வெள்ளம் மூழ்கடித்தபின், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் இருந்த இளைஞர்களுக்குப் பந்துகளை வாங்கிக் கொடுப்பதில் தொடங்கியது அந்தக் கதை. தொடங்கியவர்களில் ஒருவர் ஷமீம் மெஹ்ராஜ், ஒரு செய்தித்தாளின் ஆசிரியர். இன்னொருவர் சந்தீப் சட்டூ, ஓட்டல் நடத்துகிறவர். ஒருவர் முஸ்லிம், மற்றவர் காஷ்மீரிப் பண்டிட். 1982 மதக் கலவரத்தைப் பார்த்த மண்டைக்காட்டிலிருந்து எழுதுகிறேன், இந்த இணை எவ்வளவு பெரியது என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2016-இல் கிளப் பிறந்தது. 2018-இல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். அடுத்த ஐ-லீக்கில் மூன்றாம் இடம். நம் பக்கமும் 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்து, நம் கடப்புறத்தில் எத்தனை வீடுகளில் ஆள் திரும்பிவரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அரிசி வந்தது, பணம் வந்தது, மந்திரிகள் வந்தார்கள். இளைஞர்கள் மாலையில் எங்கே போவார்கள் என்று நினைத்தவர்கள் குறைவு. பத்திரிகை நடத்துகிறவர்களாகிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ரியல் காஷ்மீர் மூன்றாவதாக வந்த அந்த 2018-19 சீசனில் முதலாக வந்தது தமிழ்நாட்டின் சென்னை சிட்டி. பெயர் சென்னை, சொந்த மைதானம் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர், ஸ்பெயினிலிருந்து வந்த பெத்ரோ மான்சி 21 கோல். 2019 மார்ச் 9-ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் கோப்பையைத் தூக்கிய நாள் அது. ஆனால் சென்னை சிட்டி இரண்டாம் டிவிஷன் வழியாக ஏறி வந்த அணி இல்லை. 2016-இல் நேரடி இடத்துக்கு விண்ணப்பித்து உள்ளே வந்தது. 2020-21 சீசனுக்குப் பிறகு அது லீக்கிலேயே இல்லை. அதன் பிறகு 2024-25 வரை ஐ-லீக்கில் தமிழ்நாட்டுக்கென்று ஓர் அணியும் ஆடவில்லை. படிப்படியாக ஏறி வந்த ஐசால் ஆடிக்கொண்டிருக்கிறது, நேரடியாக உள்ளே வந்த நம் சாம்பியன் காணாமல் போனது. இதை வைத்துப் பெரிய தத்துவம் எதுவும் பேச நான் வரவில்லை. எனக்கு வலிக்கிறது, அவ்வளவுதான்.

அந்த சென்னை சிட்டியில் 2017-18-இல் ஆடி நாடறிந்தவர் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ். அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் அதே அணிக்கு ஆடியவர். சூசைராஜ் அங்கிருந்து ஜாம்ஷெட்பூர், பிறகு கொல்கத்தாவின் ஏ.டி.கே., 2019-இல் இந்திய அணி என்று போனார். அவர் ஆட்டத்தை நான் டி.வி.யில் பார்த்தபோது கவனித்தது, இடது ஓரத்தில் பந்தைக் கால் விரலுக்கு மிக அருகிலேயே வைத்து ஓடுவது. நம் கடற்கரையில் வேலியேற்றம் வற்றியபிறகு ஆடுகிற பையன்களைப் பார்த்திருக்கிறீர்களா? சவுக்குக் கம்பு இரண்டு நட்டால் கோல் போஸ்ட். மணலில் பந்து புல்தரையில் போல உருளாது, தள்ளிவிட்டு ஓடினால் நின்றுவிடும். ஒவ்வோர் அடிக்கும் பந்தைத் தொட்டுத் தூக்கிக்கொண்டே போக வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் சொல்லித்தராமல் மணல் சொல்லித்தந்த பழக்கம் அது என்று நான் நினைக்கிறேன். புல்தரையில் அதே கால் இன்னும் வேகமாகிவிடுகிறது.

அதே சூசைராஜுக்கு 2020 நவம்பரில், ஏ.டி.கே. மோகன் பகானுக்காக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே முட்டியில் அடிபட்டது. அந்த சீசன் முழுவதும் போயிற்று. பெரிய கிளப் என்பதால் மருத்துவம் பார்த்துக்கொண்டார்கள். அக்கா, இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

இப்போது உங்கள் மகன் போகிற டிவிஷன் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) வந்தது. சினிமா நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் உரிமையாளர்களாக வந்த லீக். அப்போது அதில் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. பணம் கட்டியவர்கள் உள்ளே. 2019-20-இலிருந்து அதுதான் நாட்டின் முதல் லீக் என்று ஆசியக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. அதாவது சென்னை சிட்டி கோப்பை வாங்கிய மறு வருடமே ஐ-லீக் இரண்டாம் படிக்குப் போய்விட்டது. ஐ-லீக்கின் இரண்டாம் டிவிஷன் மூன்றாவது ஆனது. கேரளாவின் கோகுலம் 2021, 2022 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ஐ-லீக்கை வென்றது. மேலே போக வழி இல்லை. ஜெயித்தவன் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் லீக் ஆகாது, இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

2022-23 சீசனில்தான் கதவு திறந்தது. அந்த வருடம் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் எஃப்.சி. ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறியது. ஆட்டத்தில் ஜெயித்து அங்கே போன முதல் அணி. அடுத்த வருடம் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது, 1891-இல் பிறந்த கிளப். 2024-25-இல் கோப்பையை ஏப்ரலில் வாங்கியது கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ். இன்டர் காசிக்கு எதிராக ஆடிய அணி ஒன்று தகுதியில்லாத ஆளை இறக்கியதா என்ற வழக்கு சுவிட்சர்லாந்தின் விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போய், ஜூலையில் இன்டர் காசிதான் சாம்பியன் என்று தீர்ப்பு வந்தது. கீழேயும் படிகள் கூடின. 2024-25-இல் ஐ-லீக் 2, ஐ-லீக் 3, அதற்கும் கீழே மாநில லீக்குகள் என்று இருந்தன. ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு 2024-இல் ஐ-லீக் 2-ஐ வென்று ஏறியது. 2025-இல் வங்காளத்தின் டைமண்ட் ஹார்பர் ஏறியது. ஆக, உங்கள் மகன் சொல்கிற இரண்டாம் டிவிஷன் ஐ-லீக் என்றால் நாட்டின் இரண்டாம் படி. ஐ-லீக் 2 என்றால் மூன்றாம் படி. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டுக்கும் சம்பளத்தில் நிறைய வித்தியாசம் உண்டு.

மேல் படியும் 2025-இல் உறுதியாக இருக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஐ.எஸ்.எல். நடத்தும் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் 2010-இல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. அதைப் புதுப்பிப்பதில் இழுபறி. ஜூலையிலேயே சீசனை நிறுத்திவைத்தார்கள். சில கிளப்புகள் சம்பளத்தையும் நிறுத்திவைத்தன. முதல் லீக் ஆட்டக்காரர்களுக்கே இந்தக் கதி என்றால் கீழ்ப்படியில் இருக்கிறவன் என்ன செய்வான்?

அக்கா, இத்தனையும் எழுதியது பயமுறுத்த இல்லை. என் பதில்: அனுப்புங்கள். இது வேலைதான். ஆனால் குறுகிய காலத்துக்கான வேலை, அதுவும் ஒரு வருடத்துக்கு ஒரு வருடம் எழுதிப் போடுகிற வேலை. அதனால் வேலைக்கு அனுப்புகிற மாதிரியே கேட்டு விசாரித்து அனுப்புங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எத்தனை மாதத்துக்குச் சம்பளம் என்பதுதான் முதல் கேள்வி. கீழ்ப்படி லீக்குகள் வருடம் முழுக்க நடப்பதில்லை, சில மாதங்களோடு முடிந்துவிடும், மீதி மாதத்துக்குச் சோறு எங்கே என்று கேட்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருக்கட்டும். அந்த ஒப்பந்தமும் பையனின் பெயரும் அகில இந்தியக் கூட்டமைப்பின் இணையப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நாளைக்குச் சம்பளம் பாக்கி என்று அவன் கூட்டமைப்பின் ஆட்டக்காரர் குழுவிடம் முறையிட வேண்டி வந்தால் அந்தப் பதிவுதான் கையில் இருக்கும் ஆயுதம். அடுத்து அந்த முட்டி. அடிபட்டால் ஆபரேஷன் செலவு யாருடையது, ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. கடைசியாக, கல்லூரிப் படிப்பை விடச் சொல்லாதீர்கள். தபால் வழியிலாவது முடிக்கட்டும். விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகள் குறைந்தாலும் அற்றுப்போகவில்லை. ரயில்வேயும் போலீஸும் இன்றும் எடுக்கிறார்கள், அங்கே சான்றிதழும் கேட்பார்கள்.

இனி மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. மண்டைக்காட்டிலிருந்து பூவாறு வரைக்கும் ஏ.வி.எம். கால்வாயை ஒட்டி இருக்கிற இந்தக் கரையில் பங்குத் திருவிழாவுக்கு ஒன்று, ஓணத்துக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று செவன்ஸ் டோர்னமென்ட் நடத்தாத ஊர் குறைவு. கோப்பைக்கும் ஸ்பீக்கருக்கும் சீரியல் லைட்டுக்கும் நாம் திரட்டுகிற பணம் கொஞ்சமல்ல. ஆனால் 11 பேர் ஆடுகிற முழு அளவுப் புல்மைதானமும், 13 வயதுக்கு ஒன்று, 15 வயதுக்கு ஒன்று என்று இளையோர் அணிகளும் உள்ள பதிவுபெற்ற ஒரு கிளப்பை நாலு ஊர் சேர்ந்து நடத்தினால், இம்பாலின் ஒரு தெரு செய்ததை நம்மால் செய்ய முடியாதா? அந்த கிளப்பில் கடப்புறத்துப் பையனும் உள்ளூர்ப் பையனும் ஒரே ஜெர்சியில் ஆடுவார்கள் என்பதும் எனக்கு முக்கியம். கேரளத்து கிளப்புகள் வந்து நம் பையன்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும், சந்தோஷம்தான். போவதற்கு முன் ஆட இங்கே ஓர் இடம் வேண்டும்.

அடுத்த இதழில் இதற்கென்றே எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். உங்கள் ஊர் அணியின் பழைய போட்டோக்கள், டோர்னமென்ட் நோட்டீஸ்கள், வங்கிக்கோ துறைமுகத்துக்கோ போலீஸுக்கோ ஆடிய மூத்தவர்களின் விவரம் எதுவானாலும் அனுப்புங்கள். போட்டோவின் பின்புறம் ஊர், வருடம், நிற்கிறவர்களின் பெயர் எழுதியிருக்கட்டும். பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். ஒப்பந்தம் பற்றிக் கேட்க வேண்டியவர்களுக்காக, கொடை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை நம் அலுவலகத்தில் ஒரு வழக்கறிஞரும் முன்னாள் ஆட்டக்காரர் ஒருவரும் மாலை 4 மணிக்கு இருப்பார்கள். கட்டணம் கிடையாது. புதூர் அக்கா, மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கிளப்காரர்கள் கொடுத்த தாளைக் கையோடு எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்